கவுண்டி ஃபேருக்குப் பிள்ளைகளின் மரவேலை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வேலைக்கு வந்து, பிள்ளைகளை 4-எச் கிளப்பில் சேர்த்துவிட்டு, "மரவேலை எடுத்திருக்கிறான், எனக்கு ஆணி அடிக்கவே தெரியாது, என்ன செய்வது?" என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது அயோவாவில். கிளப்பில் மரவேலைப் பிள்ளைகளுக்கு உதவும் தன்னார்வலர் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அயோவாவைச் சேர்ந்தவை. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், ஏன், கவுண்டிக்குக் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கவுண்டியே மாறும். உங்கள் கவுண்டி ஃபேரின், அதாவது வருடாந்திரக் கண்காட்சியின், விதிப் புத்தகம் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

4-எச் என்றால் என்ன? மாட்டையும் சோளத்தையும் காட்டும் இடத்தில் மரவேலைக்கு என்ன வேலை?

தலை, இதயம், கை, உடல்நலம். ஆங்கிலத்தில் இந்த நான்கும் எச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். பச்சை நிற நாலிலைக் குளோவர்தான் சின்னம். (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்காதவர் இல்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

1902-இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கிளப் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் அயோவாவின் பேஜ் கவுண்டியில் ஜெஸ்ஸி ஃபீல்ட் என்ற ஆசிரியையும் பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குக் கிளப் நடத்தினார். 1910-இல் மூவிலைக் குளோவர் ஊசிச்சின்னம் ஒன்றை உருவாக்கியவர் அவர்தான். நாலாவது இலை பின்னால் சேர்ந்தது. பல்கலைக்கழகம் கண்டுபிடித்த புது விவசாய முறைகளைப் பெரியவர்கள் அவ்வளவு சீக்கிரம் ஏற்கவில்லை, பிள்ளைகள் செய்து காட்டினால் அப்பாக்கள் கவனித்தார்கள். இயக்கம் வளர்ந்த வழி அது. 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழக அறிவை ஊர்மக்களிடம் கொண்டுபோகும் இந்த விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் அயோவாவில் 4-எச்சை நடத்துவது அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவுதான்.

பண்ணை வீட்டில் கதவு, வேலி, தீவனத் தொட்டி எல்லாம் சொந்தக் கையால் செய்தவைதானே. மரவேலை உள்ளே வந்ததில் ஆச்சரியம் இல்லை. இப்போது புகைப்படம், சமையல், ரோபோ என்று பிரிவுகள் நீள்கின்றன. பண்ணையே இல்லாத நகரத்துப் பிள்ளைக்கும் இடம் உண்டு.

எந்த வயதில் சேரலாம்?

அயோவாவில் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அதற்குக் கீழே உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு க்ளோவர் கிட்ஸ் என்று தனியாக இருக்கிறது. அவர்கள் செய்ததைக் காட்டலாம், ஆனால் போட்டி கிடையாது. இந்தியானாவில் மூன்றாம் வகுப்பிலிருந்தே சேர்க்கிறார்கள்.

நாங்கள் விசாவில் இருக்கிறோம். பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாக. கிளப்பில் சேரவும் கவுண்டி ஃபேரில் பொருள் வைக்கவும் குடியுரிமை கேட்பதில்லை.

நீலம், சிவப்பு, வெள்ளை ரிப்பன் என்றால் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசா?

இல்லை. நம் வீடுகளில் அதிகக் கண்ணீர் வரவழைக்கும் தவறான புரிதல் இதுதான். பெரும்பாலான 4-எச் கண்காட்சிகளில் டேனிஷ் முறை என்று ஒன்று உண்டு. பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட மாட்டார்கள், எழுதிவைத்த தரத்தோடு ஒப்பிடுவார்கள். அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் தரத்தை எட்டியிருந்தால் நீலம். நன்றாக இருக்கிறது, ஆனால் திருத்த வேண்டியவை சில இருக்கின்றன என்றால் சிவப்பு. நிறைய வேலை பாக்கி என்றால் வெள்ளை. ஒரு பிரிவில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் நீலம் கிடைக்கலாம், ஒருவருக்குமே கிடைக்காமலும் போகலாம். நீலம் வாங்கியவற்றில் மிகச் சிறந்ததற்குத்தான் ஊதா ரிப்பனோ சாம்பியன் பட்டமோ.

எனவே "உனக்கு எத்தனாவது ராங்க்? பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்ன கலர்?" என்று காரில் கேட்காதீர்கள். நடுவர் எழுதிக்கொடுத்த குறிப்புத் தாளை வாங்கிப் படியுங்கள். அடுத்த வருஷத்துக்கான பாடத்திட்டமே அதில் இருக்கும்.

நடுவர் உண்மையில் எதைப் பார்க்கிறார்?

ஒரு படி ஸ்டூல் மேஜைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நடுவர் முதலில் அதைச் சமதளத்தில் வைத்து, மூலைகளை மாறி மாறி அழுத்துவார். ஆடுகிறதா? அப்புறம் தலைகீழாகத் திருப்புவார். பெற்றோர் முகம் மாறும் இடம் இதுதான், ஏனென்றால் மேல்புறத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு அடிப்புறத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அங்கே பென்சில் கோடு, பசை ஒழுகிய தடம், மரக்கடை முத்திரை எல்லாம் அப்படியே இருக்கும். விளிம்பு நெடுகிலும் விரலை ஓட்டுவார், சிராய் குத்துகிறதா என்று. பிறகு பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பார்ப்பார். மரத்தின் ரேகைக்கு (இழை ஓடும் திசைக்கு) குறுக்கே உப்புத்தாள் போட்ட கீறல்கள், இயந்திரம் விட்ட அலை அலையான தடங்கள், வார்னிஷ் வழிந்து நின்ற துளி எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். வீட்டில் செல்போன் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்தால் நீங்களும் அதைப் பார்க்கலாம்.

மூட்டுகளில் இடைவெளி இருக்கிறதா, திருகாணி தலை தூக்கி நிற்கிறதா, எந்த வேலைக்காகச் செய்ததோ அந்த வேலைக்குப் பொருள் உதவுமா, இவையும் உண்டு. ஆனால் பாதி மதிப்பீடு பொருளில் இல்லை, பிள்ளையின் வாயில் இருக்கிறது. பல கவுண்டிகளில் நடுவர் பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசித்தான் முடிவு செய்வார். "இது என்ன மரம்? ஏன் இந்த மரம்? எந்த இடம் கஷ்டமாக இருந்தது? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?" என்று கேள்வி வரும். தன் கையால் செய்த பிள்ளைக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை, அது பாட்டுக்குப் பேசும்.

நான் எவ்வளவு உதவலாம்?

சொல்லிக்கொடுக்கலாம். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆபத்தான வெட்டை நீங்களே வெட்டலாம், அதைப் பிள்ளை நடுவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு யாரும் கோபிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை டேபிள் சா (மேஜையில் பதித்த மின்ரம்பம்) ஓட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஆனால் இரவு பதினொரு மணிக்கு, பிள்ளை தூங்கிய பிறகு, "கொஞ்சம் நேர்த்தி பண்ணிவிடுகிறேன்" என்று கராஜுக்குப் போகும் அப்பாக்களை எனக்குத் தெரியும். வேண்டாம் சார். சயன்ஸ் ப்ராஜெக்ட் சார்ட்டை அம்மா வரைந்து கொடுத்து வளர்ந்த தலைமுறை நாம், கை துறுதுறுக்கத்தான் செய்யும். எத்தனையோ பிள்ளைகளின் வேலையைப் பார்த்த நடுவருக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைவேலை எது, நாற்பது வயதுக்காரரின் கைவேலை எது என்று தொட்டவுடன் தெரிந்துவிடும். கோணலான ஆனால் தனதேயான ஸ்டூலுக்குக் கிடைக்கும் மரியாதை, குறையே இல்லாத அப்பா ஸ்டூலுக்குக் கிடைக்காது.

முதல் வருஷம் என்ன செய்யலாம்?

பெரிதாக நினைக்காதீர்கள். கட்டில், பூஜை மண்டபம் என்று முதல் வருஷமே இறங்குபவர்கள் ஜூன் மாதம் எனக்குப் போன் செய்கிறார்கள். கடையில் 1x12 (அங்குலக் கணக்கில் தடிமன், அகலம்) என்று விற்கும் பைன் பலகை ஒன்றே ஒன்றை வாங்கி ஒரு படி ஸ்டூல் செய்யலாம். அளப்பது, வெட்டுவது, துளையிடுவது, ஒட்டுவது, தேய்ப்பது, பூச்சு கொடுப்பது என்று மரவேலையின் அரிச்சுவடி முழுவதும் அதற்குள் அடக்கம்.

பறவைக் கூடு இன்னொரு நல்ல தொடக்கம், ஆனால் அதில் சூட்சுமம் இருக்கிறது. அழகுக்காகச் செய்த கூட்டில் பறவை வராது. கிழக்கு நீலப்பறவைக்கு வாசல் 1 1/2 அங்குல வட்டம்; கூட்டைப் பறித்துக்கொள்ளும் ஸ்டார்லிங் பறவை அதில் நுழைய முடியாது. ரென் குருவிக்கு 1 1/8 அங்குலம் போதும். வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்கக் கூடாது, அது முட்டை திருட வரும் பறவைக்குத்தான் வசதி. தரையில் நீர் வடியத் துளைகள், மேலே காற்றோட்டம், வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யத் திறக்கும் ஒரு பக்கம், இத்தனையும் வேண்டும். உள்ளே பெயின்ட் அடிக்க வேண்டாம். ரசாயனம் ஏற்றிய பலகையும் வேண்டாம்; சும்மா சீடர் மரம் மழைக்குத் தாங்கும். இவ்வளவையும் காரணத்தோடு சொல்லும் பத்து வயதுப் பிள்ளைக்கு நடுவர் என்ன ரிப்பன் கொடுப்பார் என்று நினைக்கிறீர்கள்?

காய் நறுக்கும் பலகை செய்வதானால் மேப்பிள், செர்ரி, வால்நட் போன்ற நெருக்கமான மரமாக இருக்கட்டும். ஓக் வேண்டாம், அதன் துளைகளில் ஈரம் தங்கும். ஒட்டுவதற்கு டைட்பாண்ட் 3 மாதிரி தண்ணீருக்குத் தாங்கும் பசை. பூச்சுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் மினரல் ஆயில். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதையும் தடவாதீர்கள், நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும்.

நம் வீட்டுப் பொருள் ஏதாவது செய்யலாமா?

நான் அதைத்தான் அதிகம் பரிந்துரைப்பேன், பெருமைக்காக அல்ல. "இதை ஏன் செய்தாய்?" என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் தானாகவே பதில் இருக்கும் என்பதற்காக.

பல்லாங்குழிப் பலகை நடுத்தர வயதுப் பிள்ளைகளுக்குச் சரியான அளவு வேலை. ஏழு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் பதினான்கு குழிகள். குழிகளின் மையங்களைச் சம இடைவெளியில் குறிப்பதே ஒரு நல்ல கணக்கு. டிரில் பிரஸ்ஸில் (நிலையாக நிற்கும் துளையிடும் இயந்திரம்) ஃபோர்ஸ்ட்னர் பிட் என்ற அகலமான துளைமுனை போட்டால் தட்டையான அடியோடு குழி வரும். அதை உட்குழிந்த உளியாலும் உருண்டையான ஒரு கட்டையில் சுற்றிய உப்புத்தாளாலும் கிண்ணமாக்க வேண்டும், இல்லாவிட்டால் புளியங்கொட்டையை விரலால் வழித்து எடுக்க வராது. எங்கள் கிளப் பெண் ஒருத்தி இதைச் செய்து, சோழியும் கொண்டுபோய், நடுவரையே ஓர் ஆட்டம் ஆட வைத்துவிட்டாள்.

பெரிய பிள்ளைகளுக்குக் கொலுப்படி. மூன்று படி அல்லது ஐந்து படி, போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும்படியாக, அப்பார்ட்மென்ட் அலமாரியில் அடங்கும்படியாக. மண் பொம்மைகளின் கனத்துக்குப் பலகை நடுவில் தொய்யக் கூடாது. ப்ளைவுட் என்றால் 3/4 அங்குலம் எடுத்து, அடியில் ஒரு தாங்கு கட்டை கொடுங்கள். மேலே வேட்டி விரிக்கப்போகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விளிம்பை விட்டுவிட வேண்டாம். நடுவர் வேட்டி இல்லாமல்தான் பார்ப்பார். ஃபேர் ஜூலையில் முடிந்ததும் நவராத்திரிக்குப் படி தயார்.

மரக்கடையில் 1x4 என்று வாங்கினேன், அளந்தால் குறைகிறதே?

ஏமாற்றவில்லை. 1x4 என்பது பெயர் மட்டும்தான், இழைத்து உலர்த்திய பிறகு நிற்கும் உண்மையான அளவு 3/4 க்கு 3 1/2 அங்குலம். 2x4 என்றால் 1 1/2 க்கு 3 1/2. 1x12 பலகையின் அகலம் 11 1/4. வரைபடத்தில் கடைப்பெயரை அளவாகப் போட்டுக் கணக்கிட்டால் எந்த மூலையும் சேராது. வரைவதற்கு முன்னாலேயே பலகையை அளந்துவிடச் சொல்லுங்கள்.

எந்த மரம் நல்லது?

தேக்கு தேட வேண்டாம். தொடக்கத்துக்குப் பைன்: மலிவு, மென்மை, கையால் வெட்ட வரும். ஆனால் விரல் நகம் பட்டாலே பள்ளம் விழும், நிறச்சாயம் பூசினால் திட்டுத் திட்டாக ஏறும். அதற்கென்று முன்பூச்சு விற்கிறார்கள். பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் பாப்லர். அதன் பச்சைச் சாயல் பெயின்ட்டுக்குள் மறைந்துவிடும். அடுத்த கட்டம் ரெட் ஓக். நடுமேற்கில் எங்கும் கிடைக்கும், ரேகை அழகாக எழும்பி நிற்கும், முன்துளை இல்லாமல் திருகாணி ஏற்றினால் பிளந்து பழிவாங்கும். கடினத்தைச் சொல்லும் ஜாங்கா எண்ணில் வெள்ளைப் பைன் சுமார் 380, ரெட் ஓக் 1290, கடின மேப்பிள் 1450. மேப்பிளைக் கைரம்பத்தால் அறுத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

வீடு கட்டும் 2x4 கட்டைகளை வைத்து உள்ளறை மேஜை செய்ய வேண்டாம். அவற்றில் ஈரம் 19 சதவீதம் வரை இருக்கலாம், மேஜைக்கான மரத்தில் 6 முதல் 8 சதவீதம்தான் இருக்க வேண்டும். வீட்டு ஹீட்டரில் மிச்ச ஈரம் காயும்போது மேஜை முறுக்கிக்கொள்ளும்.

வால்நட் பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை. அதன் சீவலையும் தூளையும் குதிரை வளர்க்கும் நண்பருக்குப் படுக்கை போடக் கொடுத்துவிடாதீர்கள். கருப்பு வால்நட் சீவலில் நின்ற குதிரைக்குக் குளம்பு வீங்கும். ஃபேரில் குதிரைக் கொட்டகை பக்கத்திலேயே இருப்பதால் சொல்கிறேன்.

ஜனவரியில் செய்த டிராயர் ஜூலையில் திறக்கவில்லை. என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை, மரம் மூச்சு விடுகிறது. அயோவா குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். ஜூலையில் சோளக்காடே வியர்க்கும். மரம் ஈரத்தை வாங்கி ரேகைக்குக் குறுக்காக விரியும். நீளவாக்கில் அசைவு கிட்டத்தட்ட இல்லை. ஓர் அடி அகல ஓக் பலகை இந்த இரண்டு பருவங்களுக்கு இடையே எட்டில் ஓர் அங்குலத்துக்கும் மேல் விரியலாம்.

அதனால் குளிர்காலத்தில் செய்யும் டிராயருக்குத் தாராளமாக இடைவெளி விட வேண்டும். மேஜைப் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கக் கூடாது. நீள்துளையிலோ அதற்கென்று விற்கும் எட்டு வடிவ உலோகத் தகட்டிலோ திருகாணி போட்டு, பலகை நகர இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று பலகை வெடிக்கும், அல்லது சட்டம் பிரியும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மேஜை கொண்டுவரும் பிள்ளையிடம் நடுவர் பெரும்பாலும் இதைக் கேட்பார். ஊரில் ஆசாரிகள் கதவு நிலையில் மழைக்காலத்துக்கு இடம் விட்டுச் செய்வதும் இதே கணக்குதான்.

உப்புத்தாள் போடுவது பிள்ளைக்குப் போரடிக்கிறது. 220 தாளிலேயே ஆரம்பித்தால் என்ன?

மூன்று மடங்கு நேரம் ஆகும், கீறலும் போகாது. தாளின் எண் கூடக் கூட அதன் மணல் பொடியாகும். 80 அல்லது 100, பிறகு 120, 150, 180, கடைசியில் 220. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கத்தான். எப்போதும் ரேகை போகும் திசையிலேயே. தாள் மாற்றும் முன் தூளைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய தாளிலிருந்து உதிர்ந்த பெரிய மணல் புதுத் தாளின் கீழே கிடந்து கோடு போடும். சின்ன பாகங்களை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்துவிடுங்கள், ஒட்டிய பிறகு உள்மூலைக்குள் விரல் போகாது. போரடிக்கத்தான் செய்யும். பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யட்டும்.

பூச்சு கொடுத்ததும் வெளுத்த திட்டுகள் தெரிகின்றனவே?

பசை. மூட்டில் பிதுங்கிய பசையை ஈரத்துணியால் பரப்பித் துடைத்தால் அது மரத்தின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் அந்த இடத்தில் சாயம் ஏறாது. பசை பாதி காய்ந்து தயிர் பதத்துக்கு வந்ததும் பழைய உளியால் சுரண்டி எடுப்பது சுத்தமான வழி. மூட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை அரை மணி நேரம் கழித்து எடுக்கலாம், ஆனால் மூட்டுக்கு ஒரு நாள் முழுக்கச் சுமை கொடுக்க வேண்டாம்.

பாலியூரித்தேன் வார்னிஷ் என்றால் மெல்லிய பூச்சாக மூன்று முறை, நடுநடுவே 220 தாளால் லேசாக ஒரு தடவல். தடித்த பூச்சாக ஒரே முறை அடித்தால் வழியும், தூசி ஒட்டும்.

இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), டேனிஷ் ஆயில், எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், தீக்குச்சி தேவையில்லை. வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் மூடி வையுங்கள்.

எந்த வயதில் எந்தக் கருவி?

வயதைவிடப் பிள்ளையின் நிதானம் முக்கியம். என் வழக்கத்தைச் சொல்கிறேன். தொடக்கத்தில் கைரம்பம், சுத்தியல், மூலைமட்டம், கையால் தேய்ப்பது. பிறகு பேட்டரி டிரில், சுற்றும் சாண்டர் (உப்புத்தாள் இயந்திரம்). நடுநிலைப் பள்ளி வயதில் பெரியவர் பக்கத்தில் நிற்க, வளைவு வெட்டும் ஜிக் சா, ஸ்க்ரோல் சா, அப்புறம் டிரில் பிரஸ். டேபிள் சா, விளிம்பும் பள்ளமும் செதுக்கும் ரூட்டர் எல்லாம் உயர்நிலைப் பள்ளியில், அதுவும் தெரிந்தவரிடம் முறையாகக் கற்ற பிறகு.

கண்ணாடி எப்போதும். சத்தமான இயந்திரத்துக்குக் காதடைப்பான். தேய்க்கும்போது என்95 முகமூடி. மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை கூடாது, துணியைப் பிடித்துக் கையையும் இழுத்துவிடும். நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக: வளையல், கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த பின்னல், மணிக்கட்டில் கோயில் கயிறு. கயிற்றை அறுக்க மனமில்லை என்றால் இறுக்கமான முழுக்கைச் சட்டைக்குள் தள்ளி டேப் ஒட்டுங்கள். டிரில் பிரஸ்ஸுக்குச் சாமி கயிறு, சாதாரணக் கயிறு என்ற வித்தியாசம் தெரியாது.

பெண்பிள்ளை இதை எடுக்கலாமா என்று பாட்டி கேட்கிறார்.

எடுக்கலாம் என்று சொல்லுங்கள். அந்தப் பல்லாங்குழியையும் காட்டுங்கள்.

அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறோம், கராஜ் இல்லை.

ஒரு இழுவை ரம்பம், மூலைமட்டம், நான்கு கிளாம்ப், பேட்டரி டிரில், உப்புத்தாள். பால்கனியில் இவ்வளவே வைத்து ஸ்டூல் வரை செய்யலாம். பலகையைத் தேவையான நீளத்துக்குப் பெரிய கடைகளிலேயே வெட்டித் தருவார்கள். இழைக்க, அகலவாக்கில் கிழிக்க, கிளப் தலைவரின் கராஜையோ பள்ளியின் மரவேலைக் கூடத்தையோ கேளுங்கள். நகரங்களில் மேக்கர்ஸ்பேஸ் என்ற பொதுப் பட்டறை இருக்கும். வயதான அண்டை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில் ஓய்வுபெற்ற தாத்தாக்களின் பேஸ்மென்ட்டில் இருக்கும் கருவிகளைக் கண்டால் மயக்கம் வரும், சொல்லிக்கொடுக்கவும் ஆசையாக இருப்பார்கள்.

யூடியூப் பார்த்துச் செய்தால் ஒத்துக்கொள்வார்களா? லேசர் கட்டர்?

யாருடைய வரைபடம் என்று சொன்னால் போதும். அப்படியே நகலெடுப்பதைவிட அளவையோ மூட்டையோ மாற்றி, ஏன் மாற்றினேன் என்று சொல்வது மேல். பாகங்கள் எல்லாம் வெட்டியே வரும் பெட்டி வாங்கிப் பூட்டுவது முதல் வருஷப் பிள்ளைக்குச் சரி, அதற்கு மேல் எடுபடாது. லேசர், சி.என்.சி. (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) இரண்டுக்கும் இதே பதில்: இயந்திரம் வெட்டியதை மறைக்க வேண்டாம், வடிவமைப்பைப் பிள்ளை செய்ததா என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழக அணிகளின் சின்னத்தைப் பொறித்தால் உரிமைப் பிரச்சினை வரலாம். கார்ன்ஹோல் (பை எறியும் விளையாட்டு) பலகை செய்பவர்கள் அயோவா பல்கலைக்கழக அணியான ஹாக்கைஸின் சின்னத்தைத் தொடுவதற்கு முன் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பொருளோடு எழுதிக் கொடுக்க வேண்டியது என்ன?

அயோவாவில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்பார்கள்: உன் இலக்கு என்ன, அதை அடைய என்ன செய்தாய், முக்கியமாக என்ன கற்றாய். வேறு பல இடங்களில் அளவுகளோடு வரைபடம், செலவுக் கணக்கும் வேண்டும்.

"மரவேலை கற்பது என் இலக்கு" என்று எழுதும் பிள்ளையிடம் நடுவருக்குக் கேட்க ஒன்றுமிருக்காது. "தங்கைக்கு வாஷ்பேசின் எட்டவில்லை. அவள் ஏறினால் கவிழாத ஸ்டூல் செய்ய நினைத்தேன். கால்களைச் சாய்வாக வைத்தால் கவிழாது என்று கற்றேன்." இப்படி எழுதினால் பேச்சு தானாக ஓடும். ஆங்கிலத்தைப் பெற்றோர் மெருகேற்ற வேண்டாம். செய்யும்போதே செல்போனில் படம் எடுத்துவைத்தால் எழுதும்போது ஞாபகம் வரும்.

நடுவரிடம் பேசும்போது நாங்களும் பக்கத்தில் உட்காரலாமா?

பின்னால் நின்று கேட்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. "தெரியவில்லை" என்று பிள்ளை சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

எப்போது தொடங்க வேண்டும்?

அயோவாவில் கவுண்டி ஃபேர்கள் பெரும்பாலும் ஜூலையில். பள்ளி முடிந்ததும் தொடங்கலாம் என்று நினைத்தால் ஊருக்குப் போகும் டிக்கெட் குறுக்கே வரும். குளிர்கால விடுமுறையில் வரைபடம், பிப்ரவரி மார்ச்சில் வெட்டி ஒட்டுவது, வெயில் வந்ததும் பூச்சு. பூச்சைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். ஈரக்காற்றில் காயாமல் பிசுபிசுத்து, நடுவரின் விரல்ரேகையோடு வீட்டுக்கு வரும். இணையத்தில் பதிவு செய்யும் கடைசி நாள் ஃபேருக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும், அதைக் காலண்டரில் முதலில் குறியுங்கள்.

ஸ்டேட் ஃபேருக்கு எப்படிப் போவது?

கவுண்டியில் நடுவர் தேர்ந்தெடுத்து அனுப்புவார். நீல ரிப்பன் வாங்கிய எல்லாம் போகாது, ஒவ்வொரு கவுண்டிக்கும் இத்தனை என்று இடம் உண்டு. அயோவா ஸ்டேட் ஃபேர் ஆகஸ்டில் டெமாயினில் நடக்கும். இடையில் உள்ள சில வாரங்களில் நடுவர் சொன்ன குறைகளைச் சரிசெய்ய அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கிடைக்குமா? கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா?

ரிப்பனுக்கு ஏற்ப ஒரு சிறு தொகை பல ஃபேர்களில் தருவார்கள். ஐஸ்கிரீமுக்கு ஆகும், உப்புத்தாளுக்கே போதாது. கல்லூரிக்கென்று சேர்க்கும் பிள்ளைகள் இரண்டாம் வருஷம் நின்றுவிடுகிறார்கள். தொடர்ந்து செய்தவனுக்குக் கட்டுரை எழுத விஷயம் இருக்கும், அவ்வளவுதான் சொல்வேன்.

நான் செய்த அலமாரியையும் வைக்கலாமா?

4-எச் பிரிவில் முடியாது. ஆனால் பெரும்பாலான ஃபேர்களில் ஓப்பன் கிளாஸ் என்று எல்லோருக்கும் திறந்த பிரிவு இருக்கிறது. கை துறுதுறுக்கும் அப்பாக்களுக்கு அதுதான் இடம். இங்கே மட்டும் சில நேரம் முதல், இரண்டாம் பரிசு என்றே கொடுப்பார்கள்.

காட்சிக்கு வைத்ததை எப்போது திரும்ப எடுக்கலாம்?

விடுவிக்கும் நாளும் நேரமும் ஃபேர் புத்தகத்தில் இருக்கும். அதற்கு முன் எடுத்தால் பரிசுத் தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். குறித்த நேரத்தில் போங்கள், கூட்டம் முண்டியடிக்கும். பெரிய பொருளுக்குப் பழைய போர்வை இரண்டு எடுத்துப் போங்கள், வேனில் உரசிக் கீறல் விழாமல் இருக்கும்.